இரும்புக் கம்பிக்குக் குறுக்கே

மாப்ளே,

போன வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டு மிக்ஸி எரிந்துபோனது. உளுந்தைக் கொட்டி, மூடியை அழுத்திப் பிடித்து, நடுவில் நிறுத்தினால் பாவம் என்பதுபோல ஒரே மூச்சில் அரைப்பவள் என் வீட்டுக்காரி. வாசலில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்த எனக்கு முதலில் நாற்றம்தான் வந்தது. வார்னிஷும் காகிதமும் சேர்ந்து கருகுகிற நாற்றம். வாளியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் நின்ற நிலையைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு.

“மிக்ஸிதான போச்சு? என்னமோ ஆளே போன மாதிரி நிக்கிறீக,” என்றாள்.

பத்து மணிக்கு அதைத் துணிப்பையில் போட்டு உன் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே நடந்ததைப் பிறகு சொல்கிறேன். அது நடந்ததால்தான் இந்த மடலே. என் வண்டியில் நீ கட்டிப் போட்ட காயில் ஏன் எரிந்தது என்று உனக்கு நான் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது. நீ போய்ச் சேர்ந்தே ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது.

இன்றைக்கு என்னிடம் இருப்பது டீசல் ஜீப்பு. அதில் பொறி மூட்டுகிற காயிலும் கிடையாது, ஸ்பார்க் பிளக்கும் கிடையாது. இப்போது வண்டி ஓட்டுகிற பையன்களுக்குப் பாயிண்டு தேய்க்கத் தெரியாது. அன்றைக்கு நான் ஓட்டியது பட்டாளத்தில் கழித்துக் கட்டிய பெட்ரோல் வண்டி. காலையில் போடியில் ஆட்களை ஏற்றி, முந்தல் தாண்டி, வளைவுகள் ஏறி, மேட்டுக்கு அந்தப் பக்கம் ஏலக்காட்டில் இறக்க வேண்டும். சாயங்காலம் திரும்பக் கொண்டுவர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு காயில் என்று அந்த வண்டி தின்றது. செத்த காயிலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த உன் வைண்டிங் கடைக்கு வருவேன். நீ டப்பாவை வெட்டி, உள்ளே உறைந்திருக்கும் தாரை உருக்கி வடித்து, கம்பிச் சுருளை வெளியே எடுப்பாய். உள்ளே தலைமுடியை விட மெல்லிசான கம்பி ஆயிரக்கணக்கில் சுற்று. அதற்கு மேலே தடித்த கம்பி கொஞ்சம் சுற்று. பாயிண்டு மூடித் திறக்கும்போதெல்லாம் தடித்ததில் பேட்டரி கரண்டு ஓடி ஓடி நிற்கும். நிற்கும் ஒவ்வொரு தரமும் மெல்லிசில் பொறி பிறக்கும். இவ்வளவுதான் காயில் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நீ. நான் அதையும் பாதிதான் கேட்டேன்.

நமக்குள் வந்த சண்டை எல்லாம் அந்தத் தடித்த கம்பியைப் பற்றித்தான்.

“பொறி பத்தல மாப்ளே. குளுருல செல்ப் அடிச்சா பேட்டரி தூங்கிருது. பொறி மினுக்குன்னுகூட வரமாட்டேங்குது,” என்பேன் நான்.

“தடிச்ச கம்பியக் கம்மியாச் சுத்துனா கரண்டு வெரசா உள்ள ஓடும். பொறி சடார்னு விழும். ஆனா காயில் கொதிக்கும், பாயிண்டு தீயும். கொஞ்சம் மெல்லிசா, நெறையாச் சுத்துனா குளுந்து கெடக்கும். நீ செல்ப் அடிக்கிற நேரத்துல கண்ண மூடிக்கிரும். எது வேணும், சொல்லு.”

“ரெண்டும் வேணும்.”

“கூழுக்கும் ஆச, மீசைக்கும் ஆச,” என்று கம்பிச் சுருளை என் மேல் எறிவாய்.

காகிதத்திலும் அதே கதைதான். மலைப் பனி உள்ளே இறங்கிப் பொறி ஒழுகுகிறது என்று சுற்றுக்குச் சுற்று ஒரு காகிதம் கூட்டி வைத்தாய். ஒழுகல் நின்றது. ஆனால் சுருள் பருத்து, பொறி சோனியாகிவிட்டது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். நீ தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாய். நான் உன்னைத் திட்டிக்கொண்டே டீ வாங்கி வருவேன்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை எங்கள் டிரைவர்களின் சாமி வழக்கம். நாலாவது வளைவில் இருக்கிற கருப்பசாமி முன்னால் வண்டி உறுமக் கூடாது. ஆகவே இஞ்சினை நிறுத்த வேண்டும். ஆனால் சாவியைத் திருப்பக் கூடாது. சாமி முன்னால் சாவியைத் திருப்பினால் பயணம் அங்கேயே முடிந்துவிடும் என்று ஒரு பயம். எனவே கியரில் போட்டுக் கிளட்சை விட்டு இஞ்சினை மூச்சடைக்க வைப்போம். சாவி போட்டது போட்டபடி இருக்கும். சூடம் கொளுத்தி, கும்பிட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கிவிட்டுப் போவோம். இஞ்சின் நிற்கும்போது பாயிண்டு திறந்து நின்றால் தப்பித்தோம். மூடி நின்றால் நிற்கிற நேரம் முழுக்கக் கரண்டு காயிலுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். இதை நீ கண்டுபிடித்த அன்று கடையில் சாமியாடாத குறைதான்.

“மூணு மாசத்துக்கு ஒருக்க எரியாம என்னடா செய்யும்? சாவியத் திருப்பித் தொலைங்களேன்டா!”

“நீ வந்து கருப்புகிட்டச் சொல்லு,” என்றேன்.

நீ சொல்லவில்லை. அதற்குப் பதில் வழி தேடினாய். வழி எங்கிருந்து வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? ஏலக்காய் வியாபாரி ஒருவர் வீட்டில் வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்று வைக்கோல் அறையில் கிடந்தது. கல்யாண ஊர்வலத்துக்கு அதை ஓட வைக்க வேண்டும் என்று உன்னைக் கூப்பிட்டார்கள். அதன் காயில் தலையில் ஒரு பீங்கான் கட்டை இருந்தது. அதன் பள்ளத்தில் சுருள் சுருளாக இரும்புக் கம்பி. ஊரில் உள்ள மெக்கானிக்குகள் எல்லாம் அதை அலங்காரம் என்றார்கள். நீ மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். நாலாவது நாள் உச்சி வெயிலில், பனியனெல்லாம் தாரோடு ஜீப்பு ஸ்டாண்டுக்கு ஓடி வந்தாய்.

“இரும்புடா மாப்ளே! சூடானா தானே மறிக்குது!”

வண்டி கிளம்பும்போது கம்பி குளிர்ந்திருக்கும், கரண்டை விட்டுவிடும். கரண்டு விடாமல் ஓடினால் கம்பி சூடேறும்; சூடேற ஏறக் கரண்டை அதுவே குறைக்கும். அப்படியானால் தடித்த கம்பியில் பலமான காயிலைக் கட்டலாம், சாவியைத் திருப்பாத மடையர்களிடமும் கொடுக்கலாம். வாசலில் காவல்காரனை உட்கார வைத்த மாதிரி என்று நீ சொன்னாய். “அறுவது வருசத்துக்கு முன்னாலயே எவனோ ஒரு மகராசன் இத யோசிச்சிருக்கான்யா. அவனுக்கும் நம்மூரு மாதிரி ஒரு கருப்பசாமி இருந்திருக்கும்,” என்று சிரித்தாய். நீ அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மெல்லிய இரும்புக் கம்பிக்காகக் கடை கடையாக அலைந்தாய். ஒரு முழம் கூட்டி, ஒரு சாண் குறைத்து, சாவியைப் போட்டு மணிக்கணக்கில் விட்டுத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாய். கடைசியில் என் வண்டியில் மாட்டிக் கொடுத்தபோது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: “இந்தக் கம்பியத் தொடாத. காயிலு வேற, கம்பி வேற இல்ல. ரெண்டும் சேந்துதான் ஒண்ணு. கேட்டுச்சா?”

கேட்டது. நாலு மாதம் ஓடியது. கருப்பு முன்னால் எவ்வளவு நேரம் நின்றாலும் காயில் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. மற்ற டிரைவர்கள் பானட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்கள். எஸ்டேட் மேனேஜர் ஏலக்காட்டின் எட்டு ஜீப்புக்கும் இதையே போடச் சொல்லிவிட்டார். மதுரையிலிருந்து வருகிற கம்பெனி காயிலைத் தள்ளிவிட்டுப் போடியில் கட்டியதைக் கேட்கிறார்கள் என்று நீ கடைப் பலகையைக்கூடப் புதிதாக எழுதிப் போட்டாய். பொங்கல் முடிந்ததும் வேலை ஆரம்பம் என்று பேச்சு.

மார்கழியில் ஒரு நாள் நான் மேலேயே தங்க வேண்டியதாயிற்று. விடியற்காலையில் வண்டி கிளம்பவில்லை. குளிரில் பேட்டரி செத்துக் கிடந்தது. செல்ப் இரண்டு முறை உருட்டிவிட்டு நின்றது. சீனி என்று ஒரு டிரைவர், ஞாபகம் இருக்கும், எதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பானே, அவன் வந்து எட்டிப் பார்த்தான்.

“அண்ணே, பொறிய இந்தக் கம்பிதான் குடிக்குது. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரு செம்புக் கம்பியப் போட்டு நேரா விடுங்க. அப்புறம் பாருங்க சோலிய.”

போட்டேன். விரல் நீளம்கூட இருக்காது அந்தத் துண்டு. அடுத்த உருட்டில் வண்டி பிடித்தது. சுற்றி நின்றவர்கள் ஓ என்று கத்தினார்கள், எனக்கும் தலைகால் புரியவில்லை. போடியில் இறங்கியதும் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் அன்றைக்கு வண்டி இழுத்த இழுப்பு இருக்கிறதே, கீழ் கியரில் திணறுகிற வளைவுகளை மேல் கியரில் ஏறியது. எடுக்க மனசு வரவில்லை. பத்துப் பதினைந்து நாள் அப்படியே ஓட்டினேன். நடுவில் சாமி முன்னால் நின்றபோதெல்லாம் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை. அந்த நாட்களில் இரண்டு முறை உன் கடைக்கு வந்தேன். இரண்டு முறையும் பானட்டைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினேன். நீ திட்டுவாய் என்ற பயம் கொஞ்சம். உன் புத்தியை விட என் கைவேலை ஒரு படி மேல் என்ற திமிர் அதிகம்.

பொங்கல் கழிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள். வண்டியில் பதினோரு பேர். முதல் நாள் என்பதால் கருப்புக்குத் தேங்காய் உடைக்க வேண்டும். நாலாவது வளைவில் வழக்கம்போல இஞ்சினை மூச்சடைக்க வைத்து இறங்கினோம். ஏலக்காட்டு ஆட்களில் மூத்தவளான ராக்காயி அக்கா தேங்காயை உடைத்தாள். அழுகல்.

“அழுகக் காயோட மலையேறக் கூடாது அப்பு. நல்ல காயி ஒண்ணு கொண்டாரச் சொல்லு,” என்றாள்.

முந்தலுக்கு ஓர் ஆள் இறங்கிப் போனான். குறுக்குப் பாதையில் போய் வந்தாலும் அரை மணி நேரம். பனி மூட்டம் கீழேயிருந்து எழும்பி ரோட்டை மூடிக்கொண்டு வந்தது. நான் வண்டிப் பக்கத்தில் நின்றேன். முதல் ஐந்து நிமிஷம் ஒன்றும் தோன்றவில்லை. அப்புறம் பானட்டின் மேல் கையை வைத்தேன். இஞ்சின் சூடுதான் என்று சொல்லிக்கொண்டேன். பத்து நிமிஷம் கழித்து மெதுவாக நாற்றம் வந்தது. உள்ளே அந்தச் செம்புத் துண்டு இருக்கிறது என்பது அந்த ரோட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சாவியின் மேல் கையை வைத்தேன். “அப்பு! சாவியில கை வைக்காத!” என்று ராக்காயி அக்கா அதட்டினாள். கையை எடுத்துவிட்டேன். பானட்டைத் திறந்து துண்டைப் பிடுங்க அரை நிமிஷம் போதும். ஆனால் அழுகல் தேங்காய்க்கு மேல் பானட்டையும் திறந்தால் பதினோரு பேரும் வண்டியை விட்டு நடந்தே போய்விடுவார்கள். முதல் நாளே ஆட்களை நடக்க விட்டவன் என்று ஸ்டாண்டு முழுக்கச் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து நின்றேன் மாப்ளே. வேறு ஒரு காரணமும் இல்லை.

தேங்காய் வந்தது. வெள்ளையாக உடைந்தது. எல்லோரும் கும்பிட்டு ஏறினார்கள். செல்ப் அடித்தேன், இஞ்சின் பிடித்தது. அப்பாடா என்று இருந்தது. ஐந்தாவது வளைவு போனது. ஆறாவது வளைவில் ஓர் இருமல். பின்னால் ராக்காயி அக்கா யாரையோ கிண்டல் செய்துகொண்டிருந்தாள், சிரிப்புச் சத்தம். ஏழாவது வளைவின் நடு மேட்டில், கியர் மாற்றக் கிளட்சை மிதித்த நேரம், இஞ்சின் அப்படியே அணைந்தது.

பிரேக்கை மிதித்தேன். பனியில் நனைந்த பிரேக்கு. நின்ற மாதிரி இருந்து வழுக்கியது. கை பிரேக்கு பெயருக்குத்தான் இருந்தது என்று உனக்கே தெரியும். வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. பின்பக்கம் பனி, ரோடு எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. கியரில் தள்ளப் பார்த்தேன், பல் கடித்ததே தவிர விழவில்லை. “குதிங்க! குதிங்க!” என்று யாரோ கத்தினார்கள். நானாகவும் இருக்கலாம். ஸ்டியரிங்கை மலைப் பக்கம் ஒடித்தேன். பின்பக்கம் மண்சுவரில் மோதி வண்டி நின்றது. அந்தச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ராக்காயி அக்கா குதித்திருந்தாள்.

கால் ஒடிந்த சத்தத்தை நான் கேட்டேன். அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

ஆட்கள் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள், வண்டியைத் தள்ளி அவளை வெளியே எடுத்தார்கள். சேலையைக் கிழித்துக் காலைக் கட்டினார்கள். நான் பானட்டைத் திறந்தேன். காயிலின் வாய் வழியாகத் தார் கொதித்து வழிந்திருந்தது. அந்தக் கறுப்புக்கு நடுவில் செம்புத் துண்டு பளபளவென்று, பங்கம் ஒன்றும் இல்லாமல் இருந்தது. மேலேயிருந்து மேனேஜர் ஜீப்பின் ஹாரன் கேட்டது. பீங்கான் கட்டை, இரும்புக் கம்பி, செம்பு எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தேன். கை பொசுங்கியது. பனிக்குள் விழுந்த சத்தம்கூட வரவில்லை.

“எந்து பற்றி?” என்ன ஆயிற்று என்று மலையாளத்தில் கேட்டுக்கொண்டே மேனேஜர் இறங்கினார்.

“காயில் எரிஞ்சிருச்சு சார்.”

“யார் கெட்டின காயில்?”

உன் பெயரைச் சொன்னேன்.

அவருடைய ஜீப்பிலேயே ராக்காயி அக்காவைப் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். மத்தியானம் நீ வந்தாய். வராந்தாவில் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாய். உன் உதடு காய்ந்திருந்தது.

“கம்பி எங்கடா?”

“இடிச்சதுல கழண்டு பள்ளத்துல விழுந்துருச்சு.”

“சாவி?”

“போட்டேதான் இருந்துச்சு. அரை மணி நேரம். தேங்கா அழுகிப் போச்சு.”

“அதுக்குத்தானடா அந்தக் கம்பிய வச்சேன்,” என்றாய்.

அப்புறம் என்னைப் பார்த்தாய். வெகுநேரம் பார்த்தாய். உனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். கேள், கேட்டால் சொல்லிவிடுகிறேன் என்று நின்றேன். நீ தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாய். உள்ளே ராக்காயி அக்காவின் புருஷனிடம் நீ சொன்னது வாசல்வரை கேட்டது: “தப்பு என் மேலதாண்ணே. நான் கட்டுனதுதான்.”

என்னைக் காப்பாற்றுகிறாய் என்று நினைத்தேன். உண்மை தெரிந்தால் என் வேலையும் லைசென்சும் போகும், அதனால் நீ தாங்கிக்கொள்கிறாய் என்று நினைத்தேன். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டினேன்.

மேனேஜர் எட்டு ஜீப்புக்கும் மதுரையிலிருந்தே வரவழைத்தார். உன்னிடம் கட்டிய மற்ற டிரைவர்களும் கழற்றிக்கொண்டார்கள். “ஆனைக்கும் அடி சறுக்கும்” என்று கடைக்கு வந்து ஆறுதல் சொன்னவர்களை நீ தலை குனிந்து கேட்டாய். இரண்டு மாதம் ராக்காயி அக்காவுக்கு உன் வீட்டிலிருந்துதான் கஞ்சி போனது. அவள் எழுந்து நடந்தாள், ஒரு பக்கம் சாய்த்துச் சாய்த்து. நீ காயில் கட்டுவதையே விட்டுவிட்டாய். தண்ணீர் மோட்டார், மின்விசிறி, அப்புறம் மிக்ஸி.

நாம் டீ குடித்தோம். உன் மகள் காதுகுத்துக்கு நான்தான் பந்தல்காரனைப் பிடித்தேன். ஒரு தரம், நாலைந்து வருஷம் கழித்து, “மாப்ளே, அந்தப் பீங்கான் எந்த வளைவுல விழுந்துச்சு?” என்று கேட்டாய். எனக்குத் தெரியும்டா என்று நீ குத்திக் காட்டுவதாக எடுத்துக்கொண்டு, “ஏழாவது” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன். உனக்கு என் மேல் ஒரு வார்த்தை கோபம்கூட இல்லையே என்று சில நாள் எனக்கே உன் மேல் எரிச்சல் வரும். இப்படியும் ஒருத்தன் பெருந்தன்மையாக இருப்பானா என்று.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

கடையை உன் வீட்டுக்காரி, எனக்குத் தங்கச்சி முறை, நன்றாக நடத்துகிறாள். நீ உட்காருகிற இடத்திலேயே உட்கார்ந்து மோட்டார் கட்டுகிறாள். எண்ணிக்கை சொல்லிக்கொண்டே சுற்றினாள். நான் வந்ததற்குத் தலையை மட்டும் அசைத்தாள். சுற்று முடிந்த பிறகுதான், “வாங்கண்ணே,” என்றாள். மிக்ஸியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கம்பி எடுக்க உள் அறைக்குப் போனாள். நான் கூடவே போனேன். அங்கே பலகை முழுக்கக் காயில். ஒவ்வொன்றின் தலையிலும் பீங்கான், இரும்புக் கம்பி. சிலதில் கம்பிக்கு மேல் அப்பளம் மாதிரி மைக்காத் தகடு. சிலதில் கம்பி ஆடாமல் இருக்க இரட்டைக் கட்டு.

“இதெல்லாம் என்னம்மா?”

“உங்க வண்டிக் காயிலுதாண்ணே. மாசத்துக்கு ஒண்ணாவது கட்டுவாரு. சாவியப் போட்ட மாதிரி பேட்டரியில மாட்டி, மணிக்கணக்கா விட்டுப் பாப்பாரு. ஒண்ணுகூட எரியல. ‘இது எரிய மாட்டேங்குதே, அது மட்டும் ஏன் எரிஞ்சுச்சு’ன்னு என்னயக் கேப்பாரு. எனக்கென்ன தெரியும்? ரோட்டுக் குலுக்கல்ல கம்பி தகரத்துல பட்டுருக்குமோ, அளவு தப்பிருச்சோன்னு அவராவே சொல்லிக்குவாரு. ரெண்டு மட்டம் பஸ்சுல ஏறி அந்த ஏழாவது வளைவுக்குப் போயி, பள்ளத்துல எறங்கித் தேடிட்டு வந்தாரு. காலெல்லாம் முள்ளு.”

நான் ஒரு காயிலை எடுத்து அதன் இரும்புக் கம்பியைத் தடவிப் பார்த்தேன்.

“கடைசியா அவர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்னிக்குக்கூடச் சொன்னாரு, ‘எங்க தப்புனேன்னு தெரியாமப் போறேனே’ன்னு.”

வராந்தாவில் நீ என்னைப் பார்த்த அந்தப் பார்வையில் ஒன்றுமே இல்லை மாப்ளே. கணக்குத்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். கம்பி நீளம், கரண்டு, அரை மணி நேரம். அதை நான் மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நின்றபடியே சொன்னேன். அழுதேனா என்று தெரியவில்லை. அவள் அழவில்லை. கையில் இருந்த கம்பிச் சுருளைத் திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டிருந்தாள்.

“அவருகிட்டச் சொல்லியிருக்கலாமேண்ணே,” என்றாள் கடைசியில். “ஒரு நாள் வைவாரு. ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு. அப்புறம் தூங்கியிருப்பாரு.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? கேட்டது அவரு. அவருக்குச் சொல்லுங்க,” என்றாள். எண்ணிக்கையை ஒன்றிலிருந்து ஆரம்பித்துச் சுற்றத் தொடங்கினாள்.

ஆகவே சொல்கிறேன். நீ எங்கேயும் தப்பவில்லை. கம்பி நீளம் சரி. சுற்று சரி. காகிதம் சரி. நீ கட்டியபடியே விட்டிருந்தால் அந்தக் காயில் அரை மணி நேரம் என்ன, நாள் முழுக்கத் தாங்கியிருக்கும். இரும்புக் கம்பிக்குக் குறுக்கே செம்பைப் போட்டு உன் காவல்காரனை வீட்டுக்கு அனுப்பியவன் நான். பிடுங்கி எறிந்ததும் நான். நீ முள்ளில் இறங்கித் தேடிய பள்ளத்தை ஒரு நாளைக்கு இரண்டு முறை தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தவனும் நான்தான்.

நீ மன்னித்துவிட்டாய் என்று நம்பித்தான் உன் பாடைக்கு முன்னால் போய்த் தோள் கொடுத்தேன். நீ எதையும் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டியது என்னவென்றே உனக்குச் சொல்லப்படவில்லை. இனிக் கேட்டு வாங்கவும் வழியில்லை. அது இல்லாமலே மிச்ச நாளை ஓட்டியாக வேண்டும், ஓட்டுவேன்.

நேற்று ஸ்டாண்டில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். “எந்தக் காயிலு பெரியப்பா?” என்று கேட்டான் ஒரு பையன். சீனி மட்டும் எழுந்து தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

நாளைக் காலையில் ராக்காயி அக்கா வீட்டுக்குப் போகிறேன். கால் எப்படி இப்படி ஆயிற்று என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் அவள் உன் பெயரைத்தான் சொல்கிறாள்.